குளியலறைக் கைப்பிடிக்கு எந்த உலோகம்?

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவருக்கு நாங்கள் தரும் சீட்டில், மருந்துகளுக்குக் கீழே, “குளியலறையில் கைப்பிடி பொருத்தவும்” என்ற வரியும் இருக்கும். எந்த உலோகத்தில் என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. அக்கேள்வி அழகு பற்றியதன்று. ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்தவருக்கு மறுபக்க எலும்பும் முறியும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்.

முதலில் ஒன்று: துவாலை மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. அது ஈரத்துணியைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டது. வழுக்கும் நொடியில் அதைப் பற்றினால் கம்பியும் ஆளும் சேர்ந்தே விழ நேரும்.

கைப்பிடிக்கு நாங்கள் பரிந்துரைப்பது 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட கலவை அது. கடலோர ஊர்களில் வசிப்போர், இயலுமாயின், மாலிப்டினம் சேர்ந்த 316 தரத்தையே வாங்கலாம். உப்புக்காற்றை அது நன்கு தாங்கும். விலை குறைந்த 202 தரத்தில் நிக்கல் குறைவு, மாங்கனீசு மிகுதி. ஈரத்தில் விரைவில் கறைபடும். கடைக்காரர் காந்தத்தை வைத்து, “ஒட்டவில்லை, நல்ல ஸ்டீல்” என்று காட்டுவார். 202 தரமும் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டுவதில்லை என்பதால் அச்சோதனை போதாது. தரத்தின் எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இரும்பின்மீது குரோமியப் பூச்சிட்ட மலிவான கம்பிகளை நாங்கள் விரும்புவதில்லை. பூச்சு உரிந்தால் உள்ளே துருவேறி வலுக் குறையும். உரிந்த விளிம்போ முதியோரின் மெல்லிய தோலை எளிதில் கிழித்துவிடும். பித்தளைக் கைப்பிடி பார்வைக்குச் சிறப்புத்தான். ஆனால் நாள்தோறும் துலக்க ஆளிருக்கும் வீடுகள் இப்போது எத்தனை? பித்தளை பூஜையறையில் இருக்கட்டும்.

நல்ல ஸ்டீலையும் கெடுக்கும் பழக்கம் ஒன்று நம் வீடுகளில் உண்டு: ஆசிட் ஊற்றிக் கழுவுதல். அதிலுள்ள குளோரைடு ஸ்டீலின் பாதுகாப்புப் படலத்தை அரித்துச் சிறு குழிகளை உண்டாக்கும். சோப்பு நீரே போதுமானது.

கண்ணாடிபோல் பளபளக்கும் கம்பி சோப்புக் கையில் வழுக்கும். வெள்ளை ஓட்டுச் சுவரில், கண்புரை உள்ளவருக்குப் புலப்படவும் செய்யாது. சொரசொரப்பான பிடியுள்ளதையோ, அடர்நிறப் பூச்சுடையதையோ தேர்ந்தெடுங்கள். கம்பியின் தடிமன் 32 முதல் 38 மில்லிமீட்டரும், சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 4 சென்டிமீட்டரும் இருப்பது நல்லது. உறிஞ்சுகுமிழால் ஒட்டிக்கொள்ளும் வகை வேண்டவே வேண்டாம். ஓட்டைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கும் ஆணிகளால் முடுக்கச் சொல்லுங்கள். நோயாளர் வீடு வந்து சேருமுன், குடும்பத்தில் உடல்நலமும் நல்ல எடையும் உள்ள ஒருவர் உலர்ந்த தரையில் நின்று அதனை வலுவாக இழுத்துப் பார்க்கட்டும்.