நீல ஒளியின் மீது ஒரு பழி

மயூர் விஹார் ஃபேஸ்-1இல், சில்லா கிராமத்து வாடகை அறைகளில் ஆய்வேடு எழுதும் தமிழ் மாணவர்களின் கண்கள் எரிகின்றன. ஸ்கேன் செய்த பழம்பதிப்பு, நெறியாளரின் திருத்தம், இணையவழிக் கருத்தரங்கு அனைத்தும் ஒரே மடிக்கணினித் திரையில். கண் மருத்துவரைப் பார்க்கும் முன் அவர்கள் கண்ணாடிக் கடைக்குச் செல்கிறார்கள். அங்கே குற்றவாளி முன்பே முடிவாகிவிட்டது: நீல ஒளி. அதை வடிகட்டும் கண்ணாடிக்குக் கூடுதல் விலை.

இக்குற்றச்சாட்டு நிற்காது. 2023இல் வெளியான காக்ரேன் மீளாய்வு 17 சோதனைகளை ஆராய்ந்தது. சாதாரண வில்லைகளைவிட இவை கண் அயர்ச்சியைக் குறைப்பதாக அதற்குத் தெரியவில்லை. பிரிட்டனில் இக்கண்ணாடியை மிகைப்படுத்தி விளம்பரம் செய்த நிறுவனம் ஒன்றுக்கு 2017இல் 40,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. சான்றில்லாக் கூற்றுக்கு மதிப்பெண் குறைக்கும் பேராசிரியர்களும் அதே கண்ணாடியோடுதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

உண்மைக் காரணம் கவர்ச்சியற்றது. அருகில் உள்ளதையே பார்த்திருக்கும் கண்ணின் குவியத் தசை மணிக்கணக்கில் தளர்வதில்லை. கூர்ந்து வாசிக்கையில் இமைப்பு பாதிக்கும் கீழே குறைகிறது. திரைமுன் இமைகள் முழுதும் மூடாமலே திறந்துகொள்கின்றன. கண்ணீர்ப் படலம் உலர்கிறது. எஞ்சியதைத் தில்லியின் ஐப்பசி, கார்த்திகைப் புகை செய்து முடிக்கிறது. தொல்காப்பியர் மாத்திரையை அளக்க இயல்பான கண்ணிமைப்பை அளவுகோலாகக் கொண்டார். அம்மாத்திரைக் கணக்கை ஒலியலைப் படத்தில் சரிபார்க்கும் இன்றைய மாணவரிடம் அந்த அளவுகோலே பழுதாகிக் கிடக்கிறது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது வினாடி பார்க்க வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. நல்லதுதான். சில்லா சந்துகளில் சன்னலைத் திறந்தால் பத்தடியில் எதிர்வீட்டுச் சுவர்.

இமைக்க மறப்பது மாணவரின் தீய பழக்கம் அன்று, வேலையின் அமைப்பு. 1990ஆம் ஆண்டு ஐரோப்பிய நெறியாணை, திரைப் பணியாளருக்கு இடைவேளையும் கண் பரிசோதனையும் உறுதிசெய்வதை வேலை தருபவரின் கடமையாக்கியது. இங்கே ஆய்வாளர் பணியாளரே அல்லர், உதவித்தொகை பெறுபவர். ஆய்வேட்டை மின்வடிவில் அளித்தாக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009லேயே விதித்துவிட்டது. திரை கட்டாயம், கண் அவரவர் பொறுப்பு.

‘எனக்குக் கண் வலிக்கிறது’ என்னும் தொடரில் துன்புறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். வலியை உண்டாக்கிய வினைமுதலுக்கு அங்கே இடமில்லை. மொழியியல் துறைகள் இதை வகுப்பில் நுட்பமாகப் பகுத்துக் காட்டும். துறைக் கூட்டத்தில் மட்டும் அந்த வினைமுதல் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால், மூன்று மணிநேர இணையவழிக் கருத்தரங்குக்கு நடுவே இடைவேளை விட வேண்டியிருக்கும். நள்ளிரவில் அனுப்பிய திருத்தத்துக்குக் காலையில் விடை எதிர்பார்ப்பதை நிறுத்த வேண்டியிருக்கும். ஆண்டுக்கொருமுறை கண் பரிசோதனைக்குத் துறையே பணம் ஒதுக்க வேண்டியிருக்கும்.