காய்ச்சல் காலைவரை காத்திருக்காது

புனே ஏரவாடாவில் உள்ள ஆகா கான் மாளிகையில் 1944 பிப்ரவரியில் கஸ்தூர்பா காந்தி மரணப் படுக்கையில் இருந்தார். சிறைவாசத்தின் நடுவே இதய நோய், கூடவே நிமோனியா. மகன் தேவதாஸ் அலைந்து திரிந்து பென்சிலின் வரவழைத்தார். போர்க்காலத்தில் அது கிடைத்ததே பெரிய விஷயம். சில மணிக்கொரு முறை ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும் காந்தி வேண்டாம் என்றார். 22ஆம் தேதி கஸ்தூர்பா காலமானார். (இதயம் ஓய்ந்துபோயிருந்தது, பென்சிலின் காப்பாற்றியிருக்கும் என்று சொல்வதற்கில்லை.)

பத்தே ஆண்டுகளில், 1954இல், புனேயை ஒட்டிய பிம்ப்ரியில் அரசின் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் வந்தது. மறு ஆண்டே பென்சிலின் தயாரானது. அதே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. தற்செயல்தான். ஆனால் ஆன்டிபயாடிக் இல்லாவிட்டால் புற்றுநோய் டாக்டர்கள் தீவிர கீமோதெரபியைத் தொடவே அஞ்சுவார்கள்.

காரணம் இதுதான். கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பவை. எலும்பு மஜ்ஜையும் அடிவாங்கும். ஊசி போட்ட ஒன்றிரண்டு வாரத்தில் நோய்க் கிருமிகளோடு போரிடும் நியூட்ரோபில் வெள்ளணுக்கள் சரிகின்றன. மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் ஆபத்து. குடலின் உட்சுவரும் புண்ணாவதால், அங்கே சாதுவாக வாழ்ந்த ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் ரத்தத்தில் இறங்கிவிடும். சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது. சீழே அந்த வெள்ளணுக்களால் ஆனதுதானே! பல சமயம் காய்ச்சல் மட்டுமே அறிகுறி. சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகலாம்.

எனவே தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக்கை நரம்பில் ஏற்றுவார்கள். நம் வீடுகளிலோ ஒரு பாரசிட்டமால், "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற சமாதானம். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை அல்ல.

நேரத்தோடு போனாலும் மருந்து கேட்க வேண்டுமே! ஜலதோஷத்துக்கெல்லாம் ஆன்டிபயாடிக் விழுங்கிய நாடு இது. 2012இல் மருத்துவ சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டு எச்சரித்தன. கார்பபெனம் வகை மருந்துகளுக்கும் அடங்காத கிருமி வந்தால், பல நேரம் டாக்டரின் கை கொலிஸ்டினைத்தான் தேடுகிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒரு காலத்தில் ஓரங்கட்டப்பட்ட பழைய மருந்து. அதைக் கோழித் தீவனத்தில் கலக்க 2019இல்தான் தடை வந்தது.