பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலையா?

"குழந்தை பிறந்து மூன்று நாளாகிறது. முகமெல்லாம் மஞ்சள். 'காலை வெயில்ல காட்டு, சரியாப் போயிடும்' என்கிறார் மாமியார். காட்டலாமா, டாக்டரம்மா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு சகோதரி.

பதறாதீர்கள். குழந்தை பிறந்ததும் அதன் உடம்பிலுள்ள சிவப்பணுக்கள் வேகமாக அழிகின்றன. அதில் உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை வெளியேற்றப் பிஞ்சுக் கல்லீரலுக்கு இன்னும் பழக்கமில்லை. இரண்டாம், மூன்றாம் நாளில் தெரியும் இந்த மஞ்சள், நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். கீழாநெல்லியும் வேண்டாம், சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். நீங்கள் சாப்பிட்ட குழம்பு மஞ்சளாலும் இது வரவில்லை. (பிள்ளை பெற்றவள் சாப்பாட்டில் கைவைக்க எத்தனை சாக்கு!) நாளைக்கு 8 முதல் 12 தடவை தாய்ப்பால் கொடுங்கள். பிலிருபின் மலத்தோடுதான் வெளியேற வேண்டும்.

மாமியார் சொல்வதும் வெறும் பேச்சில்லை. 1956இல் இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் ஜீன் வார்ட் என்ற நர்ஸ், வெயில் பட்ட குழந்தையின் உடம்பு தெளிந்து, துணி மூடிய இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததை டாக்டர்களுக்குக் காட்டினார். நீல விளக்குச் சிகிச்சை பிறந்த கதை அதுதான். ஆனால் விளக்குக்கு அளவு உண்டு, வெயிலுக்கு ஏது? குழந்தைக்குச் சூடு தாக்கும். வெயிலை நம்பி நாளும் கடந்துவிடும்.

நான் முதலில் கேட்பது, "எத்தனையாவது நாள் தெரிஞ்சுது?" என்றுதான். முதல் 24 மணி நேரத்திலேயே தெரிந்தால் உடனே ரத்தப் பரிசோதனை வேண்டும். தாய் ஓ குரூப், ஆர்.எச். நெகடிவ் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ இரவென்றும் பார்க்காமல் ஓடுங்கள். பிலிருபின் மிஞ்சினால் மூளையையும் காதையும் கெடுக்கும்.

மஞ்சள் பூசிக் குளிப்பாட்டாதீர்கள். எது காமாலை என்று எப்படித் தெரியும்? பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் மெல்ல அழுத்தி எடுத்துப் பாருங்கள், கண் வெள்ளையையும் பாருங்கள். பாச்சை உருண்டை போட்டு வைத்த பழைய துணியைக் குழந்தைக்குப் போடவே வேண்டாம். ஜி6பிடி என்ற என்ஸைம் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த நெடியே ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் போகவில்லையா? மலத்தின் நிறத்தைப் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்து, மூத்திரம் துணியில் மஞ்சள் கறையாகப் படிந்தால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கு ஆபரேஷன் உண்டு. 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே 42 நாள் ஆகியிருக்கும்.