குதிரையின் சண்டித்தனம்

“கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம்” என்று குதிரையைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. அதைச் சொல்லிச் சிரிப்பவர் பலர். கடிவாளத்தின் இரும்பைத் தம் பற்களுக்கிடையே வைத்துப் பார்த்தவர் அவர்களுள் ஒருவரும் இலர். குதிரையின் குணத்தை அறிந்துதான் இறைவன் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்று கூறுவாரும் உண்டு. இவ்வாறு குதிரைக்கு வந்த கெட்ட பெயரில் பெரும்பகுதி அதனைச் சேர்ந்ததன்று; அதை வைத்திருப்பவரைச் சேர்ந்தது.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற்காட்டில் பேருந்துகள் பெருகுவதற்கு முன் குதிரை வண்டிக்கு மதிப்பு மிகுதி. புகைவண்டியிலிருந்து இறங்கியவர்களை ஏற்றிக்கொண்டு பருத்திக் காடுகளினூடே அது செல்லும். அந்த வண்டிக் குதிரைகளின் குறும்புகள் வீடுதோறும் பேசப்பட்டவை. ஒரு குதிரை வெளியூர் செல்லும்போது ஆமையாய் நடக்கும். திரும்பும்போது காற்றாய்ப் பறக்கும். வீட்டில் கொள்ளு வெந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியும். மற்றொரு குதிரை, ஏறியிருப்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும், குறிப்பிட்ட தேநீர்க் கடையின் முன் தானே நின்றுவிடும். வண்டிக்காரர் சாட்டையை ஓங்குவார். நாள்தோறும் அங்கே வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தியவர் அவரேயன்றோ? பாடம் கற்பித்தவரே பாடத்தை ஒப்பித்த மாணவனை அடிப்பது போன்றது அது.

குளிப்பாட்டிய குதிரையின் செய்கை இன்னும் வேடிக்கையானது. கண்மாயில் இறக்கி, வைக்கோலால் தேய்த்து, பாலைப் போல் வெளுக்கச் செய்து கரையேற்றுவர். கயிற்றைச் சற்றே தளர்த்தினால் போதும். அது படுத்துக் கரிசல் மண்ணில் நான்கு கால்களும் வானம் பார்க்கப் புரளும். இறங்கியது வெள்ளைக் குதிரை. எழுந்ததோ கறுப்புக் குதிரை! ஈரம் உலரவும், தினவு தீரவும், ஈக்களைத் தடுக்கவும் அதற்கு மண்ணே மருந்து. வேலை கெட்டதென்று பல்லைக் கடிப்பதைவிட, உடல் நன்றாக உலரும்வரை கயிற்றைப் பிடித்து நடத்துவது எளிது.

வயிற்றுவாரை இறுக்கும்போது மூச்சை நிரப்பிக்கொண்டு விலாவைப் புடைக்கச் செய்யும் குதிரைகள் உண்டு. சிறிது தொலைவு சென்றபின் மூச்சு அடங்கும், வாரும் தளரும், சேணம் ஒருபுறம் சாயும். இதனை வஞ்சகம் என்பர். ஒரே இழுப்பில் இறுக்கி வலியுண்டாக்கியவரிடம்தான் குதிரை இதனைப் பெரும்பாலும் கற்கிறது. முதலில் மெல்லக் கட்டி, பத்தடி நடத்தி, பின்னர் மீண்டும் இறுக்குவோருக்கு இந்தத் தொல்லை குறைவு.

புகைவண்டியின் ஊதலுக்கு அஞ்சாத குதிரை, வழியில் பறக்கும் காகிதத் துண்டைக் கண்டு துள்ளிப் பள்ளத்தில் பாய்கிறதே என்று வியப்பர். குதிரையின் கண்கள் தலையின் இருபக்கங்களிலும் அமைந்தவை. ஏறக்குறைய 350 பாகை அளவு அதனாற் காண முடியும். எனினும் நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் அது குருடு. புல்வெளியில் ஓநாய்க்கு இரையாகாமல் தப்பிய முன்னோர், முதலில் ஓடிப் பின்னர் யோசித்தவை. நின்று யோசித்தவற்றுக்குச் சந்ததி இல்லை. ஆதலின் பின்னாலிருந்து ஓசையின்றி நெருங்கியவன் உதை வாங்கினால், குற்றம் யாருடையது?

“குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது” என்பதும் ஒரு பழமொழி. குழி பறிப்பது மிகையன்று. தீனி வரத் தாமதமானால் முன்காலால் நிலத்தைச் சுரண்டுவது குதிரையின் வழக்கம். நாளின் பெரும்பகுதி மேய்வதற்கென அமைந்தது அதன் சிறிய இரைப்பை. இருவேளை கொள்ளு வைத்துவிட்டு எஞ்சிய நேரமெல்லாம் வெறுமனே கட்டிப்போட்டால், அது மண்ணைச் சுரண்டும், கட்டுத்தறியையும் கடிக்கும்.

குதிரை மனிதரை எவ்வளவு கூர்ந்து நோக்குகிறது என்பதற்கு ஜெர்மனியில் ஒரு சான்று கிடைத்தது. பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறிப் புகழ் பெற்றிருந்தது. 1907இல் உளவியலார் ஆஸ்கார் பூங்ஸ்ட் உண்மையை விளக்கினார். விடை அறியாத ஒருவர் வினவியபோது குதிரை தடுமாறியது. சரியான எண்ணை எட்டும்போது வினவுபவரின் தலையிலும் முகத்திலும் அவர் அறியாமலே தோன்றிய சிற்றசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியிருந்தது. அத்தகைய விலங்கு, வண்டிக்காரரின் சினத்தைச் சாட்டை விழுவதற்கு முன்பே அறிந்து மிரளுமென்பதில் ஐயமென்ன?

இவற்றை அறியாமையின் விலை சிறிதன்று. கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே, தாமிரபரணி கடலொடு கலக்கும் பகுதியில் இருந்த காயல் துறைமுகத்தில், 13ஆம் நூற்றாண்டில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கின. அந்நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாடு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சவில்லை என்றும் எழுதியுள்ளார். எண்ணிக்கை மிகைப்பட்டிருக்கலாம், அவர் கூறிய காரணம் மனத்தை உறுத்துவது. குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இங்கு இல்லை. குதிரை மருத்துவர் எவரும் இங்கு வராதபடி வணிகரே பார்த்துக்கொண்டனர். குதிரை மடிந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்!

ஜட்கா வண்டி மறைந்துவிட்டது. எனினும் தென்மாவட்ட ஊர்த் திருவிழாக்களில் குதிரை வண்டிப் பந்தயம் இன்றும் நடைபெறுகிறது. குதிரை வாங்க வருவோர் வயதறியப் பல்லைப் பார்க்கின்றனர், அது முறையே. பின்னர் நெடுநேரம் உடம்பில் உள்ள சுழிகளை எண்ணி நன்மை தீமை கணிக்கின்றனர். பல்லைப் பார்க்கத் திறந்த அதே வாயின் ஓரத்தில், கடிவாளம் அறுத்த தழும்பு உண்டா என்று பார்ப்பவரோ மிகச் சிலர்.