பேறுகாலச் செலவு பையன் வீட்டோடது

தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்ற வீட்டில்தான் என்பது எங்கள் பக்கம் யாரும் கேள்வி கேட்காத வழக்கம். அதை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. பச்சை உடம்புக்காரிக்கு அம்மா கையால் ஒரு வாய் ரசம் சாப்பிட்டால்தான் தெம்பு வரும். மாமியார் வீட்டில் காலை நீட்டிப் படுக்கவே நாலு தடவை யோசிப்பாள். மாமியாராகிய நானே சொல்கிறேன். பேறுகாலம் அங்கேயே நடக்கட்டும், செலவு பையன் வீட்டோடது என்பதுதான் என் கட்சி. செலவு என்றால் ஆஸ்பத்திரிச் செலவு மட்டுமல்ல. சம்பந்தியம்மா வேலைக்குப் போகாமல் விட்ட கூலியும் அதில் சேர்த்தி.

நான் தேனி மாவட்டம் சின்னமனூரில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாசம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். என் மருமகளின் அம்மா தேவாரத்துக்காரர், ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேருக்கு அதுதான் பிழைப்பு. இருட்டோடு ஜீப் வந்து நிற்கும். தூக்குவாளியில் சோற்றை எடுத்துக்கொண்டு, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏறி, கேரளத்துச் சாந்தன்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று போய் இறங்குவார்கள். ஏலக்காய் செடியின் தலையில் காய்ப்பதில்லை, அடியில் தரையோடு படரும் சரத்தில் காய்க்கும். விளைந்த காயாகப் பார்த்துப் பார்த்துப் பறிக்க வேண்டும், நாளெல்லாம் குனிவுதான். மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. போனால் கூலி, போகாவிட்டால் இல்லை.

மருமகளுக்கு நாள் குறித்தது ஆவணியில். காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் நேரம். சம்பந்தி ஜீப்புக்காரரிடம் சொல்லி நின்றுகொண்டார். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துதான் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் படுக்கைக்குக் காசில்லை. ஆனால் தேவாரத்திலிருந்து போடி, தேனி என்று பஸ் மாறி மாறிப் போய் வந்ததும், வெளியே வாங்கிய இட்லியும் பாலும், வீடு திரும்பியபின் பிடித்த ஆட்டோவும் யார் கணக்கில் எழுதியிருக்கிறது?

ஆபரேஷன் இப்போது அதிசயமில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறக்குறைய 45 ஆபரேஷன். தனியாரில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. ஏன் இத்தனை என்பது டாக்டர்கள் பதில் சொல்ல வேண்டிய பெரிய சண்டை, இங்கே வேண்டாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தையல் போட்டவளைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்கார வைக்க ஓர் ஆள் வேண்டும், பிள்ளையைத் தூக்கிப் பாலுக்குக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இரண்டும் சம்பந்திதான்.

ஒருநாள் நான் போனபோது அவர் அடுப்படியில் பேறுகால மருந்து கிண்டிக்கொண்டிருந்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்துச் சலித்த பொடி. கருப்பட்டிப் பாகில் அதைக் கொட்டி நல்லெண்ணெய் விட்டுக் கிளற வேண்டும். எண்ணெய் பிரிந்து சட்டியின் ஓரத்தில் கசிகிற வரைக்கும் கரண்டியை வைக்கக் கூடாது. வலது கை சட்டியில். தொட்டில் கயிற்றின் நுனி கால் பெருவிரலில். சட்டி ஒரு தாளத்தில், தொட்டில் ஒரு தாளத்தில். பூண்டு உரித்து முறத்தில் கிடந்தது, பால்சுறா ஊறிக்கொண்டிருந்தது.

விட்டுப்போன கூலிக்குக் கணக்குக் கேட்டேன். "என்ன மதினி, பெத்த மகளைப் பாத்ததுக்குக் கூலி வாங்குவாளா ஒருத்தி?" என்று கோபப்பட்டார். "மகளைப் பாத்ததுக்கு இல்ல மதினி. நீங்க ஏறாம ஜீப்பு போயிருச்சுல்ல, அதுக்கு" என்றேன். கரண்டியை நிறுத்தாமல் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம்தான் மகளிர் குழுவில் கடன் எடுத்தது வெளியே வந்தது.

என் நாத்தனாருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "ஊர்ல இல்லாத வழக்கத்தை நீ எதுக்கு ஆரம்பிக்கிற? அவுகளுக்கும் மானம் இருக்குல்ல?" என்றாள். நியாயமான கேள்விதான். பெண்ணைப் பெற்றவர்கள் கைநீட்டி வாங்கக் கூசுவார்கள். அதனால்தான் கேட்டுக் கொடுப்பதாக இல்லாமல், வளைகாப்பு அன்றைக்கே இது வழக்கம் என்று வைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்கிறேன். இத்தனை செய்முறையைக் கண்டுபிடித்த நமக்கு இன்னொன்று வராதா?

அந்தச் செய்முறைப் பட்டியலைத்தான் பாருங்கள். கல்யாணத்தோடு முடியாது. தலைத்தீபாவளி, வளைகாப்பு, பேறுகாலம், தொட்டில், அரைஞாண், பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது சீர், காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர். எல்லாமே ஒரே திசையில் ஓடும். இந்தப் பட்டியலுக்குப் பயந்துதான் ஒரு காலத்தில் உசிலம்பட்டியிலிருந்து இந்தப் பக்கம் வரை பெண் பிள்ளை பிறந்தாலே வீடு இருண்டது. அல்லிநகரத்து பாரதிராஜா 1994-ல் 'கருத்தம்மா' எடுத்தது அதைத்தான். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தேனிக்கும் வந்தது. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. எல்லாம் நல்லதே. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு வரியைக்கூட எந்தச் சட்டமும் அடிக்கவில்லை, சட்டத்தால் அடிக்கவும் முடியாது. பேத்தி பிறந்ததும் என் சொந்தத்தில் ஒருவர், "பரவால்ல, அடுத்தது பையனா இருக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். நான் அழவே இல்லையே என்றேன்.

அரசாங்கம் சும்மா இல்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. இன்று 18,000 ரூபாய், அதில் 14,000 ரொக்கம், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். தவணை தவணையாக வரும் பணம், கர்ப்பிணியின் பெயருக்கு. தமிழக அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் விடுப்பு. கம்பெனி வேலைக்காரர்களுக்கு 2017 திருத்தத்துக்குப் பின் 26 வாரம். ஜீப்பில் மலையேறும் அன்றாடக் கூலிக்காரி தானே பிள்ளை பெற்றாலும் இந்த விடுப்பு எதுவும் கையில் வருவதில்லை. மகள் பெற்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு ஆள் இருக்கிறார், பிள்ளையின் அப்பா. மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் விடுப்பு உண்டு. என் மகன் கோயம்புத்தூரில் தனியார் கம்பெனியில் இருக்கிறான். ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிவிட்டு, பிள்ளையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் பார்த்தான். சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும், இருடா என்று சொல்லித் தேவாரத்தில் நிறுத்தினேன். துணி அலசினான், ராத்திரி தொட்டில் ஆட்டினான். தெருவில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது.

அடுத்து காதுகுத்து வருகிறது. தாய்மாமன் இன்னும் ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருக்கிற பையன். சீர் எதுவும் வேண்டாம், மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லி அனுப்பினேன். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஜோடி கொலுசாவது போட்டே தீருவேன் என்கிறார். போடட்டும், குழுக் கடன் முடிந்தபிறகு வாங்குங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.