மாடியில் நீர்ப் பயிர்: தொடங்குவோர் முதலில் கற்க வேண்டியது

ஹைதராபாத் நகரின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோரிடையே, மண்ணின்றி நீரிலேயே கீரை பயிரிடும் ஆர்வம் பெருகி வருகிறது. 'ஹைட்ரோபோனிக்ஸ்' என வழங்கும் இம்முறையைத் தமிழில் நீர்ப் பயிர் முறை எனலாம். மீன் தொட்டியின் நீரைக் கொண்டே பயிரையும் ஊட்டி வளர்ப்பது 'அக்வாபோனிக்ஸ்' என்னும் மீன்-பயிர்க் கூட்டு முறையாகும். வீட்டுக்கு வேண்டிய கீரையை மாடியிலேயே பறித்துக்கொள்ள விரும்புவது நியாயமானதே. ஆயினும், குழாய்களும் மின்பம்பும் பொருத்திய விலையுயர்ந்த அமைப்பை வாங்கி, சில திங்களில் இலைகள் மஞ்சளித்து மீன்களும் மடிந்தபின், அதனை மூலையில் ஒதுக்கிவிடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் இழப்பது பணத்தை மட்டுமன்று; விஞ்ஞானத்தின்மீது கொண்ட நம்பிக்கையையும் இழக்கின்றனர். இத்தோல்விகளுக்குக் காரணம் பெரும்பாலும் முறையின் குறையன்று, கற்கும் வரிசை தலைகீழாக அமைந்திருப்பதே. முதலில் நீர், அடுத்து ஒரு செடி, இறுதியாக மீன் என்பதே தக்க வரிசை.

செடி மண்ணிலிருந்து பெறுவது எவ்வெவ்வுப்புக்கள் என்பதை அறிய, ஜெர்மானிய விஞ்ஞானிகளான சாக்ஸ், நோப் ஆகியோர் 1860ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேயே நீரில் செடிகளை வளர்த்துப் பரிசோதித்தனர். ஆய்வுக்கூடத்து உத்தியாக இருந்த இதனை உணவு விளைவிக்கும் முறையாக 1929ஆம் ஆண்டு முதல் பரப்ப முயன்றவர் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கெரிக். அவர் 25 அடி உயரம் வளர்த்த தக்காளிச் செடிகள் உலகை வியப்பில் ஆழ்த்தின. மிகைப்பட்ட விளம்பரங்களும் உடனே கிளம்பின. அதே பல்கலைக் கழகத்தின் ஹோக்லந்து, ஆர்னன் என்னும் இருவர் 1938இல் வெளியிட்ட அறிக்கை அவற்றுக்கு விடையளித்தது. ஒளியும் வெப்பமும் ஒத்திருப்பின், ஊட்டநீரில் பெறும் விளைச்சல் நல்ல மண்ணில் பெறும் விளைச்சலைப் பெரிதும் விஞ்சுவதில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. மண் இல்லாத இடத்தில்தான் இம்முறையின் உண்மையான பயன் உள்ளது. மாடி வீட்டாருக்கு மண் இல்லை. எனவே அவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் அதிசய விளைச்சலை எதிர்பார்த்து எவரும் இதில் இறங்குதல் கூடாது.

இந்தியாவுக்கும் இத்துறையில் தனக்கென ஒரு முன்மாதிரி உண்டு. 1946ஆம் ஆண்டையொட்டி வங்காளத்தின் காலிம்பொங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பார் நடத்திய பரிசோதனைகளிலிருந்து 'வங்காள முறை' என்பது உருவாயிற்று. அவருடைய நூல் 1951இல் வெளிவந்தது. நுட்பமான கருவிகளை இயன்றவரை நீக்கி, எளிதில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு சாதாரண மக்களும் கையாளத்தக்க வகையில் முறையை எளிமையாக்குவதே அவருடைய நோக்கம். இன்று தொடங்குவோர் பலர் இதற்கு நேர்மாறாக, கருவியை முதலில் வாங்கிவிட்டுக் கல்வியைப் பின்னர் தேடுகின்றனர்.

ஹைதராபாதில் நீரைப் பற்றிய அறிவு ஏன் முதலிடம் பெறவேண்டும்? 1908ஆம் ஆண்டு மூசி ஆற்றில் எழுந்த பெருவெள்ளத்துக்குப் பின்னர் இந்நகருக்கு உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய நீர்த்தேக்கங்கள் வாய்த்தன. பின்னர் மஞ்சீரா, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் நீரும் கொண்டுவரப்பட்டது. இவற்றோடு, கருங்கல் பாறைகளினூடே தோண்டிய ஆழ்துளைக் கிணறுகளின் நீரையும், கோடையில் லாரிகளில் வரும் நீரையும் மக்கள் பயன்படுத்துகின்றனர். ஆகவே ஒரே வீட்டுத் தொட்டியில் ஐப்பசியில் நிற்கும் நீர் வேறு, சித்திரையில் நிற்கும் நீர் வேறு. ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். அதிலுள்ள பைகார்பனேட்டு உப்புக்கள் ஊட்டநீரைக் காரத்தன்மைக்கு இழுத்துச் செல்கின்றன. நீர்ப் பயிருக்கு ஏற்ற பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை. இவ்வெல்லையைத் தாண்டினால் நீரில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் அதனை ஏற்க இயலாது. இளம் இலைகளின் நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மஞ்சளிப்பது இதன் அறிகுறி. இதனை உணராதோர் ஊட்டக்குறை எனக் கருதி மேலும் உப்பைச் சேர்த்துச் செடியை அழிக்கின்றனர்.

எனவே தொடங்குவோர் முதலில் பெறவேண்டியது நீர்ப் பரிசோதனைச் சீட்டேயாகும். கடினத்தன்மை, காரத்தன்மை, மின்கடத்துதிறன் ஆகிய மூன்றும் அதில் இருத்தல் நலம். நீர் மிகக் கடினமாயின் மழைநீரைக் கலந்து பயன்படுத்தலாம். ஹைதராபாதில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பத்துச் சதுர மீட்டர் பரப்புள்ள கூரையில் விழும் நீர் 8,000 லிட்டர். அதில் பாதியைச் சேமித்தாலும் சிறு கீரைத் தோட்டத்துக்குப் போதுமானது.

இரண்டாவது படி ஒரு செடி. ஹவாய்ப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கிராட்கி விளக்கிய முறைக்குப் பம்பும் மின்சாரமும் தேவையில்லை. மூடியுள்ள வாளியில் ஊட்டநீரை நிரப்பி, மூடியில் துளையிட்டுச் செடியைப் பொருத்தி, வேரின் நுனி நீரைத் தொடுமாறு விடுவதே அம்முறை. செடி நீரைப் பருகப் பருக மட்டம் தாழ்கிறது. இடையில் உண்டாகும் ஈரக்காற்றிலிருந்து மேல்வேர்கள் பிராணவாயுவைப் பெறுகின்றன. அன்பின் மிகுதியால் வாளியை மீண்டும் விளிம்புவரை நிரப்பினால் அவ்வேர்கள் மூச்சுத் திணறி அழுகும். ஊட்டநீர் கலப்பதிலும் ஒரு விதி உண்டு. கால்சியம் நைட்ரேட்டின் செறிந்த கரைசலைச் சல்பேட்டு, பாஸ்பேட்டு உப்புக்களின் செறிந்த கரைசலோடு நேரே கலந்தால் அவை வெண்படிவாக அடியில் தங்கிப் பயனற்றுப் போகும். ஆகவே தனித்தனியே நிறைய நீரில் சேர்த்தல் வேண்டும். பயிற்சிக்குப் புதினாவும் பாலக்கீரையும் ஏற்றவை.

வாளியை ஒளி புகாதவாறு மூடுவது பாசியைத் தடுக்கும், கொசுவையும் தடுக்கும். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20ஆம் நாள் கண்டறிந்தது இந்நகரோடு இணைந்த செகந்திராபாதில்தான். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வீட்டுப் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த நீரிலேயே முட்டையிடுகிறது. திறந்த வாளி அண்டை வீட்டாருக்கும் கேடு விளைவிக்கும்.

வேலைப்பளு மிகுந்தோருக்கு ஆயத்த அமைப்புகளே வசதியானவை என்று சிலர் வாதிக்கலாம். அவ்வமைப்புகள் நல்லவையே. ஆனால் பம்பு நின்றால் என்ன நேரும், பி.எச். ஏன் ஏறுகிறது என்பவற்றை அறியாதவர்க்கு அவை உதவா. ஒரு வாளியில் நேரும் பிழைக்கு விலை ஒரு பிடி கீரை; நூறு துளைகள் கொண்ட அமைப்பில் அதே பிழைக்கு விலை பன்மடங்கு.

மீன் சேரும்போது பொறுப்பு மேலும் உயர்கிறது. மீன் வெளியிடும் அமோனியாவை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டே செடிக்கு உகந்த உணவு. முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. இந்நுண்ணுயிர்கள் நிலைபெற மூன்று முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அதற்குமுன் மீன்களை நிறைய விடுவது அவற்றைக் கொல்வதாகும். குழாய்நீரிலுள்ள குளோரினும் இவ்வுயிர்களுக்குப் பகை. காரத்தன்மை மிக்க நீரிலும், வெப்பம் மிகுந்த கோடையிலும் அமோனியாவின் நச்சுத்தன்மை ஏறுகிறது. கோடை மற்றொரு தொல்லையையும் தருகிறது. 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும் நீர், 35 பாகையில் 7 மில்லிகிராம் அளவே ஏற்கும். அந்நிலையில் சில மணி நேர மின்தடையும் மீன்களுக்கு எமனாகலாம்.

அளவும் கருதத்தக்கது. ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் தேவை என்பது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014இல் வெளியிட்ட கையேட்டின் கணக்கு. அத்தீவனத்தை உண்ண ஏறத்தாழ மூன்று, நான்கு கிலோகிராம் எடையுள்ள மீன்கள் வேண்டும். கண்ணாடித் தொட்டியில் நீந்தும் நான்கு அலங்கார மீன்கள் ஒரு குடும்பத்துக்குக் கீரை ஊட்டா. விரைவில் வளரும் என்பதற்காக, இந்தியாவில் தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியை நாடுவதும் தகாது.

தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியமும், வேளாண்மை, தோட்டக்கலைக் கல்வி நிலையங்களும் இந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ளன. குறைந்த கட்டணத்தில் நீர்ப் பரிசோதனை செய்து, அச்சீட்டின் பொருளைத் தெலுங்கிலும் உருதுவிலும் தமிழிலும் விளக்கும் சிறு பிரசுரத்தை வீட்டாருக்கு வழங்குவது இவற்றுக்கு அரிய செயலன்று. கருவிகளுக்கு அளிக்கும் மானியத்தினும் இவ்வுதவி பயன் மிக்கதாகும். தொடங்குவோருக்கு இப்போதைக்கு ஒரு பரிசோதனைச் சீட்டும், மூடியுள்ள வாளியும், புதினாக் காம்பும் போதும். மழைக்காலத்தில் தொடங்கியவர், தம் வாளி ஒரு கோடையைக் கடந்தபின் மீனைப் பற்றி எண்ணலாம்.