அடுப்புப் புகையை அளந்து பார்த்தவர்

கேள்வி: வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் சோறு வடிக்கவும் வெந்நீர் வைக்கவும் விறகடுப்புதான் எரிகிறது. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. விறகுப் புகை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்குமா? நம் பக்கத்து ஊர்களில் இதை யாராவது ஆராய்ந்து பார்த்திருக்கிறார்களா?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

பதில்: விழுப்புரம் மாவட்டத்திலேயே இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அதை இந்தியாவில் முன்னின்று நடத்தியவர், சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணன்.

காற்று மாசு என்றாலே நகரத்து வாகனமும் தொழிற்சாலையும்தான் என்று பேசிக்கொண்டிருந்த காலம் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானி, குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். பின்னாளில் அவரோடு சேர்ந்து பணியாற்றிய கல்பனா, அந்த வேலையைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்தார்.

அவரது குழு 436 வீடுகளில் அளந்து 2002-ல் வெளியிட்ட கணக்கு இது. விறகு, விராட்டி எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்துகள் இருந்தது. ஒரு நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தால், சமைக்கும் பெண்ணுக்கு 231. அதே வீட்டில் சமைக்காதவருக்கு 90. கேஸ் போன்ற புகையில்லா எரிபொருள் உள்ள வீட்டில் எல்லோருக்கும் 82 அளவில்தான் இருந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், அடுப்படியில் நிற்பவர் நெஞ்சில்தான் பாரம் ஏறுகிறது என்பதை இந்த எண்கள் காட்டின.

இந்திய மாநிலங்கள் அனைத்தையும் கணக்கிட்ட ஆய்வறிக்கை ஒன்றும் கல்பனாவை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளிவந்தது. 2017-ம் ஆண்டில் காற்று மாசால் நேர்ந்த மரணங்கள் சுமார் 12.4 லட்சம் என்றும், அதில் 4.8 லட்சம் வீட்டு அடுப்புப் புகையால் என்றும் அது மதிப்பிட்டது. சமையலறைப் புகை நாட்டின் சுகாதாரப் பிரச்னையாகப் பேசப்பட்டதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகளே காரணம். ஏழைக் குடும்பங்களுக்கு கேஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் 2016-ல் வந்தபோது, புகையால் வரும் கேடும் அதற்கான காரணமாகச் சொல்லப்பட்டது.

இனி வயிற்றுப் பிள்ளைக்கு வருவோம். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. நுண்துகள் நுரையீரலின் ஆழம் வரை போகிறது. தமிழ்நாட்டில் 1,285 தாய்மார்களைத் தொடர்ந்து கவனித்த கல்பனா குழுவின் ஆய்வில், கர்ப்ப காலத்தில் சுவாசித்த நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் குழந்தையின் எடை சுமார் 4 கிராம் குறைவதாகத் தெரிந்தது.

அப்படியென்றால் கேஸ் கொடுத்தால் எடை கூடிவிடுமா? இதைச் சோதிக்கத்தான் இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் விழுப்புரமும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாதங்களுக்கு இலவச சிலிண்டரும் கிடைத்தன. கேஸ் கிடைக்காதவர்கள் சுவாசித்த நுண்துகள் 70 அளவில் இருந்தபோது, கேஸ் கிடைத்தவர்களுக்கு அது 24 அளவில் இருந்தது. ஆனால் 2022-ல் முடிவு வந்தபோது, குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. 2024-ல் வந்த முடிவிலும், ஒரு வயதுக்குள் வரும் கடுமையான நிமோனியா குறைந்ததாகத் தெரியவில்லை.

எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். இதை வைத்து 'புகையால் ஒன்றும் இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. அந்தப் பெண்களுக்கு அடுப்பு மாறியது கர்ப்பமாகி 9 வாரங்களுக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய பல வருடப் புகை அவர்கள் நுரையீரலில் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. புகையால் பெரியவர்களுக்கு வரும் நாள்பட்ட இருமல், மூச்சிரைப்பு, இதய நோய் எல்லாம் குழந்தையின் எடை, நிமோனியா பற்றிய இந்த முடிவுகளுக்கு வெளியே இருப்பவை.

ஆகவே, மருமகளுக்குச் செய்ய வேண்டியவை:

* விறகடுப்பு எரியும் நேரத்தில் அவர் அருகில் நிற்க வேண்டாம். அவர் சமைப்பதாக இருந்தால் கேஸில் மட்டும் சமைக்கட்டும். குழந்தை பிறந்த பிறகும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊத வேண்டாம்.

* வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். நன்றாகக் காய்ந்த விறகையே எரியுங்கள். தீ மூட்ட பிளாஸ்டிக் பை போடவே கூடாது.

* மூன்று, நான்கு மாடுகள் இருந்தால் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் அமைக்கலாம். தினமும் சுமார் 50 கிலோ சாணம் தேவை. சிலிண்டர் செலவு குறையும். கழிவுச் சாணம் வயலுக்கு உரமாகும்.

* கரும்புச் சோகையை வயலில் கொளுத்தாமல் மூடாக்காகப் போடுங்கள். ஒரு வீட்டில் புகையை நிறுத்தினாலும், ஊர்க் காற்றில் புகை இருந்தால் அதைத்தான் எல்லோரும் சுவாசிக்க வேண்டும்.

* பிள்ளையின் எடை அடுப்பை மட்டும் பொறுத்ததல்ல. சத்தான சாப்பாடு, இரும்புச்சத்து மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தவறாத பரிசோதனை ஆகியவற்றை விடாதீர்கள்.

மாமியார்மார் பலர் 'நாங்களும் இதே புகையில்தானே பிள்ளை பெற்றோம்' என்பார்கள். அவர்களும் அந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்கள்தான். இருமலோ மூச்சிரைப்போ விடாமல் இருந்தால், மருமகளோடு அவர்களையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டி வாருங்கள்.